தேனீப் பிசினில் வைரஸ் எதிர்ப்பு மூலக்கூறைக் கணினியில் தேடுவது எப்படி

ஒரு சிறு மூலக்கூறு ஒரு புரதத்தின் இடுக்கில் எப்படி, எவ்வளவு இறுக்கமாக அமரும் என்று கணிப்பது டாக்கிங் மென்பொருள். அதற்கு எந்த மூலக்கூறைக் கொடுத்தாலும் ஒரு எண்ணைத் திருப்பித் தரும். புரோபோலிஸ் எனும் தேனீப் பிசினில் உள்ள கேலஞ்சினைக் கொடுத்தாலும் தரும், தேனில் உள்ள சுக்ரோஸைக் கொடுத்தாலும் தரும். அந்த எண் பெரும்பாலும் மைனஸில் இருக்கும் (மைனஸில் பெரிதாகப் பெரிதாகப் பிடிப்பு வலு என்று கணக்கு), பார்க்க நம்பிக்கை ஊட்டும். தேனீப் பொருள்களில் வைரஸை எதிர்க்கும் மூலக்கூறு இருக்கிறதா என்று தேட என்னிடம் வரும் முதுநிலை மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது சுக்ரோஸின் எண்ணைத்தான். அதைப் பார்த்த பிறகுதான் மற்ற எண்களை எப்படி வாசிப்பது என்ற பேச்சே தொடங்கும்.

மென்பொருளை ஓட்டுவதை ஒரே மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். எதை ஓட்டுவது, எதோடு ஒப்பிடுவது, வந்ததில் எதை நம்புவது என்பவைதான் மாதக்கணக்கில் நேரம் எடுப்பவை. இங்கேயும் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கருவிகள் எல்லாமே இலவசம். டாக்கிங்குக்கு ஆட்டோடாக் வீனா. ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஓலெக் டிராட்டும் ஆர்தர் ஓல்சனும் 2010-இல் வெளியிட்டது. மூலக்கூறு கோப்புகளை மாற்ற ஓப்பன் பாபெல், வீனாவுக்கு ஏற்றபடி தயாரிக்க மீக்கோ, கண்ணால் பார்க்கப் பைமோலின் திறந்த மூலப் பதிப்பு அல்லது கைமெராஎக்ஸ். சாதாரண மடிக்கணினி போதும். கடைசியில் வரும் மூலக்கூறு இயக்கவியலுக்கு (அணுக்கள் நேரத்தோடு அசைவதைக் கணக்கிட்டுப் பார்ப்பதற்கு) மட்டும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படும்.

எந்தத் தேனீப் பொருள், எந்தச் செடி

"தேனீப் பொருள்கள்" என்று மொத்தமாக ஒரு பட்டியல் போட்டுத் தொடங்காதீர்கள். ஒவ்வொன்றின் வேதியியலும் வேறு. தேனில் ஏறத்தாழ 80 சதவீதம் சர்க்கரை, மீதியில் பெரும்பகுதி நீர். ஃபிளேவனாய்டுகள் என்ற செடிச் சேர்மங்கள் மிகச் சொற்ப அளவில்தான் இருக்கும். மனுக்கா தேனின் பெயர்பெற்ற பொருளான மெத்தில்கிளையாக்சலின் மூலக்கூறு எடை வெறும் 72. அது புரதங்களோடு நேரடியாக வேதிவினை புரிகிற பொருள், ஓர் இடுக்கில் போய் அமர்ந்து வேலை செய்கிற பொருளில்லை. அதை டாக்கிங் செய்து வரும் எண்ணுக்குப் பொருளே கிடையாது. தேனீ விஷத்தின் மெலிட்டினோ 26 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. சவ்வுகளைக் கிழித்து வேலை செய்யும், வைரஸின் உறையையும் கிழிக்கும், நம் செல்லின் சவ்வையும் கிழிக்கும். சிறு மூலக்கூறுகளுக்காக எழுதப்பட்ட வீனாவில் அதைப் போடக் கூடாது. ராயல் ஜெல்லியின் அடையாளப் பொருளான 10-ஹைட்ராக்சி-2-டெசனாயிக் அமிலத்தைப் போடலாம். ஆனால் அது நீளமான, எப்படியும் வளையக்கூடிய கொழுப்பமிலம். அதனால் அதன் இருக்கைகள், அதாவது புரதத்தில் அது அமரும் இடமும் கோணமும், ஒவ்வோர் ஓட்டத்திலும் மாறும்.

ஆக, இந்த வகைத் தேடலுக்கு உண்மையில் இடம் கொடுப்பது புரோபோலிஸ்தான். மொட்டுகளிலிருந்தும் பட்டைகளிலிருந்தும் தேனீ சுரண்டி எடுத்து வரும் பிசின், மெழுகு கலந்து கூட்டின் விரிசல்களை அடைக்கும் பொருள். பொதுவாக அதில் பாதி பிசின், மூன்றில் ஒரு பங்கு மெழுகு. முந்நூறுக்கும் மேற்பட்ட சேர்மங்கள் அதில் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஆனால் அவை எல்லாமே ஒரே கட்டியில் இருப்பதில்லை. தேனீ எந்தச் செடிக்குப் போகிறதோ அந்தச் செடியின் வேதியியல்தான் கூட்டுக்குள் வரும். மித வெப்ப நாடுகளில் பாப்லர் மரம்: அதன் புரோபோலிஸில் கேலஞ்சின், கிரைசின், பினோசெம்ப்ரின், கஃபேயிக் அமில ஃபினெத்தில் எஸ்டர். பிரேசிலின் பச்சை புரோபோலிஸ் பக்காரிஸ் டிராகுன்குலிஃபோலியா என்ற புதரிலிருந்து வருவது: அதில் ஆர்ட்டெபிலின் சி. அதே நாட்டின் சிவப்பு புரோபோலிஸ் டால்பெர்ஜியா எக்காஸ்டஃபில்லம் தரும் ஐசோஃபிளேவனாய்டுகள் நிறைந்தது. தைவான், ஒக்கினாவா பக்கம் மக்கராங்கா டனாரியஸ். அங்கே பிரீனைல் சேர்ந்த ஃபிளேவனோன்கள்.

பிரேசில் புதரின் ஆர்ட்டெபிலினையும் பாப்லரின் கேலஞ்சினையும் ஒரே பட்டியலில் போட்டு, "புரோபோலிஸில் உள்ளவை இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன" என்று முடிவுரை எழுதிய கட்டுரைகளை நான் வாசித்திருக்கிறேன். அந்த இரண்டும் சேர்ந்திருக்கும் கூடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. ஆகவே ஒரு வகையைத் தேர்ந்தெடுங்கள். அந்த வகை மாதிரியை நிறநிரல் பகுப்பும் நிறை நிரலியலும் செய்து, இன்ன சேர்மம் இவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொன்ன ஆய்வுகளிலிருந்து மட்டும் பெயர்களை எடுங்கள். விரிதாளில் சேர்மத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே இரண்டு நிரல்கள் வையுங்கள்: எந்தச் செடி வகை, எவ்வளவு அளவு. பின்னால் ஒரு சேர்மம் முதலிடம் பிடிக்கும்போது அந்த அளவு நிரல்தான் உங்களைக் காப்பாற்றும்.

இந்தப் பட்டியல் வேலையில் அடிக்கடி நுழைந்துவிடும் ஒரு விருந்தாளி ரூட்டின். பாப்லர் மொட்டுப் பிசினில் சர்க்கரை ஒட்டாத ஃபிளேவனாய்டுகளே மிகுதி. சர்க்கரை ஒட்டிய ரூட்டினுக்கு அங்கே பெரிய பங்கு கிடையாது. ஆனாலும் பல பட்டியல்களில் அது இருக்கும், இருந்தால் முதலிடத்தையும் பிடிக்கும். ஏன் பிடிக்கிறது என்பதைக் கீழே சொல்கிறேன்.

மூலக்கூறை வரைவது

பப்கெம் தளத்திலிருந்து முப்பரிமாணக் கோப்பை இறக்கி அப்படியே டாக்கிங்கில் போடுவது பலரின் வழக்கம். நான் என் மாணவர்களை ஒவ்வொரு மூலக்கூறையும் ஒருமுறை காகிதத்தில் கையால் வரையச் சொல்வேன். இருபது சேர்மம் என்றால் ஒரு மாலை நேரம் ஆகும். வரையும்போதுதான் மூன்று கேள்விகள் தாமாக எழும்.

ஒன்று, மின்சுமை. உடலின் பிஎச் ஏறத்தாழ 7.4. அந்த நிலையில் கார்பாக்சிலிக் அமிலங்கள் புரோட்டானை இழந்து எதிர்ச்சுமையோடு இருக்கும். கஃபேயிக் அமிலம், ஆர்ட்டெபிலின் சி, ராயல் ஜெல்லியின் அமிலம் மூன்றுமே அப்படித்தான். தரவுத்தளக் கோப்பிலோ அவை நடுநிலையாக வரையப்பட்டிருக்கும். வீனாவின் மதிப்பெண் முறை மின்சுமையை நேராகக் கணக்கிடுவதில்லை. அதனால் இந்தத் தவறு எண்ணில் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஹைட்ரஜன் பிணைப்பை யார் கொடுப்பது, யார் வாங்குவது என்பது மாறிவிடும், பின்னர் வரும் இயக்கவியல் கணக்கும் கெட்டுவிடும்.

இரண்டு, இடவமைப்பு. பினோசெம்ப்ரினில் ஒரு கைரல் கார்பன் இருக்கிறது, அதாவது கண்ணாடிப் பிம்பம் போல இரண்டு வடிவம் (ஆர், எஸ்) அதற்கு உண்டு. செடியில் பெரும்பாலும் எஸ் வடிவமே கிடைக்கும். அந்தக் குறி இல்லாத கோப்பை எடுத்தால் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். கஃபேயிக் அமில ஃபினெத்தில் எஸ்டரின் இரட்டைப் பிணைப்பு டிரான்ஸ் வடிவில் இருக்க வேண்டும். மாற்றிய பிறகும் அப்படியே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

மூன்று, எது எங்கே வளையும். ஃபிளேவோன்கள் தட்டையானவை, சுழலும் பிணைப்பு மிகக் குறைவு. எஸ்டரோ நீண்டு நெளியும். நெளியும் மூலக்கூறுக்கு அதிகத் தேடல் தேவை. ஒரே அமைப்பில் இரண்டையும் ஓட்டினால் நெளிவதற்கு அநீதி செய்கிறோம்.

வரைந்து முடித்ததும் ஓப்பன் பாபெலில் ஹைட்ரஜன்களைச் சேர்த்து, எம்எம்எஃப்எஃப்94 விசைப்புலத்தில் ஆற்றலைக் குறைத்து, மீக்கோ வழியாக வீனாவின் கோப்பு வடிவத்துக்கு மாற்றுங்கள்.

வைரஸ் பக்கம்

இலக்குப் புரதமாகக் கோவிட்-19 உண்டாக்கும் கரோனா வைரஸின் முதன்மைப் புரோட்டியேஸை (புரதத்தை வெட்டும் நொதி) எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தரவு அதற்கு நிறைய உண்டு. 306 அமினோ அமிலங்கள். இரண்டு பிரதிகள் ஜோடி சேர்ந்தால்தான் வேலை செய்யும். வெட்டும் வேலையைச் செய்பவை ஹிஸ்டிடின் 41-உம் சிஸ்டீன் 145-உம் (எண், சங்கிலியில் அந்த அமினோ அமிலத்தின் இடம்). வைரஸின் நீண்ட பல்புரதச் சங்கிலியை இது பதினோரு இடங்களில் வெட்டுகிறது, பெரும்பாலும் குளுட்டமினுக்கு அடுத்து. மனித புரோட்டியேஸ்கள் அந்த இடத்தில் வெட்டுவது வழக்கமில்லை. மருந்து தேடுபவர்களுக்கு இது பிடித்த இலக்கானதற்கு அதுதான் காரணம். நிர்மட்ரெல்விர் மருந்தும் இந்தச் சிஸ்டீனைத்தான் பிடிக்கிறது.

புரதத் தரவு வங்கியில் இதன் அமைப்பு நூற்றுக்கணக்கில் உண்டு. புரோபோலிஸ் கட்டுரைகளில் பெரும்பாலானவை 6எல்யூ7 என்ற கோப்பை எடுக்கும். 2020 பிப்ரவரியில் முதலில் வெளிவந்தது, 2.16 ஆங்ஸ்ட்ராம் துல்லியம், நல்ல அமைப்புதான். ஆனால் அதில் இருக்கும் என்3 என்ற தடுப்பான் பெரிய பெப்டைடு போன்றது, சிஸ்டீனோடு சகபிணைப்பால் ஒட்டியிருப்பது. நாமோ ஒட்டாமல் வந்து அமரும் சிறு ஃபிளேவனாய்டுகளைத் தேடுகிறோம். சரிபார்ப்புக்கு அது பொருந்தாது. அதற்குப் பதில் 6டபிள்யூ63 கோப்பை எடுங்கள். அதில் எக்ஸ்77 என்ற தடுப்பான் சகபிணைப்பு இல்லாமல் அமர்ந்திருக்கிறது, அளவும் மருந்து போன்றது. நம் கேள்விக்கு நெருக்கமான கோப்பு அது.

கோப்பை இறக்கும்போது உயிரியல் தொகுப்பு என்று தனியாக இருப்பதை எடுத்து ஜோடியாகவே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பிரதியின் முதல் அமினோ அமிலமான செரின் 1 நீண்டு வந்து குளுட்டமேட் 166-ஐத் தொட்டு அந்த இடுக்கின் வடிவத்தையே தீர்மானிக்கிறது. ஒற்றைச் சங்கிலியை மட்டும் வைத்தால் அந்த ஓரம் திறந்துகிடக்கும், நம் மூலக்கூறு நிஜத்தில் இல்லாத இடத்தில் போய் அமரும்.

நீர் மூலக்கூறுகளை எல்லாம் ஒரே கட்டளையில் அழிப்பது இன்னொரு பழக்கம். ஹிஸ்டிடின் 41, ஹிஸ்டிடின் 164, ஆஸ்பார்டேட் 187 மூன்றையும் பிணைத்து நிற்கும் ஒரு நீர் பல படிகங்களில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. அதை வைத்து ஒருமுறை, எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டிலும் முடிவு ஒன்றாக இருந்தால் நிம்மதி. ஹிஸ்டிடின்களின் புரோட்டான் நிலையை புரோப்கா கருவியில் பார்த்து, எதை எப்படி வைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். எந்த வைரஸ், எந்தப் புரதம் என்பதைத் தீர்மானிக்கும் முன் ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே என்ன தெரிந்திருக்கிறது என்று படியுங்கள். உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்ப்பீஸ் வைரஸுக்கு எதிராகப் புரோபோலிஸ் நன்றாக வேலை செய்வதை 2010-இல் வெளியான ஓர் ஆய்வு செல்களில் காட்டியது. ஆனால் வைரஸைச் செல்லுக்குள் விடும் முன்பே புரோபோலிஸ் சாற்றோடு கலந்து வைத்தபோதுதான் விளைவு வலுவாக இருந்தது. தனித்தனியாகப் பார்த்த கேலஞ்சின், கிரைசினை விட முழுச் சாறே மேலாக இருந்தது. இந்த இரண்டு செய்தியும் சொல்வது, வேலை செல்லுக்கு வெளியே, வைரஸ் துகளின் மேலேயே நடக்கிறது என்பதை. அப்படியிருக்க, ஹெர்ப்பீஸின் தைமிடின் கைனேஸ் என்ற நொதியில் கேலஞ்சினை டாக்கிங் செய்து "இதுதான் வேலை செய்யும் வழி" என்று எழுதினால், இருக்கும் சான்றுக்கு எதிராக எழுதுகிறோம். மூலக்கூறை எந்த நேரத்தில் சேர்த்தார்கள் என்ற விவரம் எந்தக் கட்டுரையிலும் முறைகள் பகுதியில் இருக்கும். தலைப்பைப் படித்ததும் அங்கே போங்கள்.

டெங்குவை எடுக்க விரும்புவோருக்கும் ஒரு சொல்: அதன் என்எஸ்3 புரோட்டியேஸின் செயல்மையம் ஆழமில்லாதது, திறந்தவெளி. ஹிஸ்டிடின் 51, ஆஸ்பார்டேட் 75, செரின் 135 மூன்றும் அங்கே இருந்தும் சிறு மூலக்கூறுகளுக்குப் பிடிமானம் குறைவு. டாக்கிங் எண்கள் அங்கே இன்னும் குறைவாகத்தான் நம்பத் தகுந்தவை. இன்ஃபுளுவென்சா நியூராமினிடேஸ் அப்படியில்லை. ஒசெல்டமிவிர் அமர்ந்த 3டிஐ6 கோப்பு இருக்கிறது, பயிற்சிக்கு நல்லது.

தெரிந்த விடையை முதலில் கேளுங்கள்

புரோபோலிஸ் மூலக்கூறைத் தொடும் முன் எக்ஸ்77-ஐப் புரதத்திலிருந்து வெளியே எடுத்து, அதன் வடிவத்தைக் கலைத்துப் புதிதாக வரைந்து, திரும்ப உள்ளே அனுப்புங்கள். படிகத்தில் இருந்த இடத்துக்கே வந்து அமர்கிறதா? இரண்டு இருக்கைகளுக்கும் இடையிலான ஆர்எம்எஸ்டி (அணுக்கள் சராசரியாக எவ்வளவு விலகியிருக்கின்றன என்ற அளவு) 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் அமைப்பு ஏற்கத்தக்கது. கணக்கிடும் கருவி சமச்சீர்மையைக் கவனிப்பதாக இருக்கட்டும். இல்லையென்றால் பென்சீன் வளையம் திரும்பி உட்கார்ந்ததைக்கூடப் பிழையாகக் காட்டும்.

தேடல் பெட்டியின் நடுப்புள்ளியை எக்ஸ்77-இன் நடுவிலேயே வையுங்கள். பக்கத்துக்கு 22 முதல் 24 ஆங்ஸ்ட்ராம் போதும். பெட்டியின் கன அளவு 27,000 கன ஆங்ஸ்ட்ராமைத் தாண்டினால் வீனாவே எச்சரிக்கும். எக்ஸாஸ்டிவ்நெஸ் என்ற தேடல் ஆழத்தின் இயல்புநிலை 8. அதை 32-க்கு உயர்த்துங்கள். தேடல் எங்கிருந்து தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் ரேண்டம் சீட் எண்ணை மாற்றி மூன்று முறை ஓட்டி, மூன்றிலும் அதே இருக்கை முதலிடத்தில் வருகிறதா என்று பாருங்கள்.

வரவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஹிஸ்டிடினின் ஹைட்ரஜன் எந்த நைட்ரஜனில் இருக்கிறது, லிகண்டின் (புரதத்தில் அமரும் மூலக்கூறின், இங்கே எக்ஸ்77-இன்) இமிடசோல் வளையத்தில் ஹைட்ரஜன் எந்த நைட்ரஜனில் இருக்கிறது, நீர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். இந்தப் படத்தை, படிக இருக்கை ஒரு நிறத்திலும் டாக்கிங் இருக்கை வேறு நிறத்திலுமாக அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டச் சொல்வது என் வழக்கம். அது சுவரில் ஏறாதவரை புரோபோலிஸ் கோப்புறையைத் திறக்க நான் அனுமதிப்பதில்லை.

இருக்கை சரியாக வந்தது என்பதால் மதிப்பெண்ணும் சரி என்று ஆகிவிடாது. அதற்குத் தனிச் சோதனை: இந்தப் புரோட்டியேஸைச் சகபிணைப்பில்லாமல் தடுப்பதாக உறுதியான மூலக்கூறுகள் பத்துப் பன்னிரண்டைச் சேருங்கள், எக்ஸ்77, எம்எல்188, என்சிட்ரெல்விர் மூன்றும் தொடக்கம். ஒவ்வொன்றுக்கும் எடையும் கொழுப்பு நாட்டமும் ஒத்த, ஆனால் வடிவம் வேறான ஐம்பது போலி மூலக்கூறுகள். டியூடி-இ தரவுத்தளத்தை உருவாக்கியவர்கள் இந்த விகிதத்தைத்தான் வைத்தார்கள். எல்லாவற்றையும் கலந்து ஓட்டி, உண்மையானவை மேலே மிதக்கின்றனவா என்று பார்க்க ஆர்ஓசி வளைவு வரையுங்கள்: பட்டியலில் மேலிருந்து இறங்க இறங்க உண்மையானவை எத்தனை, போலிகள் எத்தனை சிக்குகின்றன என்பதை அது காட்டும். வளைவு மூலைவிட்டக் கோட்டை ஒட்டியே போனால், இந்த அமைப்பில் உங்கள் மதிப்பெண்ணும் நாணயம் சுண்டுவதும் ஒன்றுதான். வெளியாகும் புரோபோலிஸ் டாக்கிங் கட்டுரைகளில் இந்தப் படியைச் செய்தவை மிகக் குறைவு. எனக்கு இந்தத் துறையில் உள்ள பெரிய ஆதங்கம் அதுதான்.

கூடவே தேனின் சர்க்கரைகளையும் ஓட்டுங்கள்: குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ். எந்த வைரஸ் புரோட்டியேஸையும் தடுக்கும் என்று யாரும் எதிர்பார்க்காதவை, ஆனால் ஹைட்ராக்சில் நிறைந்தவை, அதனால் ஹைட்ரஜன் பிணைப்பு நிறையக் காட்டும். இவற்றின் எண்தான் உங்கள் தரைமட்டம்.

எண்களை வாசிப்பது

இப்போது புரோபோலிஸ் சேர்மங்களை ஓட்டலாம். ஒவ்வொன்றையும் மூன்று சீட் எண்களில் ஓட்டுங்கள். மென்பொருளின் பதிப்பு, சீட், பெட்டியின் அளவுகள் எல்லாம் ஒரு கோப்பில் பதிவாகட்டும்.

வந்த எண்களைத் தசம புள்ளிக்குப் பின் வரிசைப்படுத்தி முதலிடம், இரண்டாமிடம் என்று கொடுப்பதில் பொருளில்லை. வீனாவை உருவாக்கியவர்களே அதன் திட்டப் பிழை 2.85 கிலோகலோரி/மோல் என்று எழுதியிருக்கிறார்கள். அறை வெப்பநிலையில் 1.36 கிலோகலோரி வித்தியாசம் என்றாலே பிணைப்பு வலு பத்து மடங்கு மாறும். அப்படியானால் 2.85 என்பது நூறு மடங்குக்கு மேல். மைனஸ் 7.8 பெற்ற ஒன்று மைனஸ் 7.4 பெற்ற இன்னொன்றை விடச் சிறந்தது என்று இந்தக் கருவியால் சொல்லவே முடியாது. நான் மூன்று கூடைகளாகப் பிரிப்பேன்: தெரிந்த தடுப்பான்களுக்குப் பக்கத்தில் வந்தவை, சர்க்கரைக்குப் பக்கத்தில் வந்தவை, இடையில் நிற்பவை. அதற்கு மேல் துல்லியம் கேட்பதில்லை.

ரூட்டின் கதைக்கு வருவோம். மதிப்பெண் அணுக்களின் தொடுகையைக் கூட்டித்தான் வருகிறது. பெரிய மூலக்கூறுக்குத் தொடுகை அதிகம். ரூட்டினில் ஹைட்ரஜன் அல்லாத அணுக்கள் 43, கேலஞ்சினில் 20. எடுத்துக்காட்டாக ரூட்டினுக்கு மைனஸ் 9, கேலஞ்சினுக்கு மைனஸ் 7.4 வந்தது என்று வையுங்கள். அணுவுக்கு வகுத்தால் ரூட்டின் 0.21, கேலஞ்சின் 0.37. யார் திறமையாகப் பிடிக்கிறார் என்பது தலைகீழாகிவிட்டது. இந்த வகுத்தலும் முழு நியாயம் இல்லை, அது சின்ன மூலக்கூறுகளுக்குச் சாதகம். இரண்டு நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் சரி.

எண்ணை விட்டு இருக்கையைப் பாருங்கள். பிஎல்ஐபி கருவி தொடுகைகளைப் பட்டியலிட்டுக் கொடுக்கும். இந்தப் புரோட்டியேஸில் நல்ல தடுப்பான்கள் திரும்பத் திரும்பப் பிடிப்பவை குளுட்டமேட் 166, ஹிஸ்டிடின் 163, கிளைசின் 143. உங்கள் மூலக்கூறு இவற்றில் எதையேனும் பிடிக்கிறதா, மூன்று ஓட்டத்திலும் அதையே பிடிக்கிறதா? பாப்லர் வகைக்கு ஒரு தனித்தன்மை உண்டு: கேலஞ்சின், கிரைசின், பினோசெம்ப்ரின் மூன்றிலும் பி வளையத்தில் (ஃபிளேவனாய்டின் ஓரத்தில் தனியாக ஒட்டியிருக்கும் வளையம்) ஹைட்ராக்சில் ஒன்றுகூட இல்லை, வெறும் பென்சீன் வளையம். மெத்தியோனின் 49, மெத்தியோனின் 165, ஹிஸ்டிடின் 41 சூழ்ந்த நீர்வெறுப்புக் குழியில் அது அமர்கிறதா என்று பாருங்கள். வேதியியல்படி அது எதிர்பார்க்கத்தக்க இருக்கை. மாறாக அந்த வெறும் வளையம் வெளியே நீரை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால், எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் அந்த இருக்கையைத் தள்ளிவிடுவேன்.

எல்லாவற்றையும் பிடிப்பவை

குவர்செட்டின் உங்கள் பட்டியலில் முதலிடம் வந்தால் மகிழ வேண்டாம். அது எந்தப் புரதத்திலும் முதல் பத்தில் வரும். ஆய்வுக்கூடத்திலும் எத்தனையோ நொதிகளைத் தடுப்பதாகக் காட்டும். காரணம், அதன் பி வளையத்தில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில்கள், அதாவது கேட்டகோல். அது ஆக்சிஜனேற்றம் அடைந்து குவினோனாகி, கண்ணில் படும் சிஸ்டீனை எல்லாம் பிடிக்கும். நம் புரோட்டியேஸின் உயிர்நாடியே ஒரு சிஸ்டீன் என்பதை நினைவில் வையுங்கள். குவர்செட்டின் நீரில் நுண்திரளாகக் கூடி, புரதத்தை அப்படியே மேற்பரப்பில் ஒட்டவைத்தும் செயலிழக்கச் செய்யும். இப்படி ஏமாற்றும் அமைப்புகளைப் பேயெல்லும் ஹாலோவேயும் 2010-இல் பெயின்ஸ் வடிகட்டியாகத் தொகுத்தார்கள். கேட்டகோல் அதில் உண்டு. ஸ்விஸ்ஏடிஎம்இ தளத்தில் மூலக்கூறை உள்ளிட்டால் இந்த எச்சரிக்கையும், வாய்வழி மருந்தாகும் தகுதியைத் தோராயமாகச் சொல்லும் லிபின்ஸ்கி விதிகளும் சேர்ந்தே வரும்.

கஃபேயிக் அமில ஃபினெத்தில் எஸ்டரிலும் கேட்டகோல் இருக்கிறது. 1993-இலேயே அது எச்ஐவியின் இன்டகிரேஸ் நொதியைத் தடுப்பதாகக் கண்டார்கள். அதனால் அதைத் தூக்கி எறிய வேண்டாம்; பக்கத்தில் சிவப்புக் குறி இட்டு, கடுமையான சோதனைக்கு அனுப்புங்கள். எலியின் இரத்த நீரில் அந்த எஸ்டர் விரைவாக உடைந்து கஃபேயிக் அமிலமாகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விழுங்கிய ஃபிளேவனாய்டுகளுக்கும் குடலிலும் கல்லீரலிலும் குளுக்குரோனிக் அமிலமும் சல்ஃபேட்டும் ஒட்டிவிடும். டாக்கிங் செய்த வடிவம் இரத்தத்தில் மிகக் குறைவாகவே சுற்றும். பட்டியலில் மேலே வந்தவற்றின் இந்த மாற்றுவடிவங்களையும் வரைந்து டாக்கிங் செய்து பாருங்கள்.

மூலக்கூறு இயக்கவியலைப் பற்றிச் சுருக்கமாக: முதல் கூடையில் உள்ள நாலைந்துக்கு மட்டும் குரோமாக்ஸ் மென்பொருளில் ஓட்டுங்கள். ஒரே நீண்ட ஓட்டத்தை விட, வெவ்வேறு தொடக்க வேகங்களில் மூன்று தனி ஓட்டங்கள் மேல். எக்ஸ்77-உம் சுக்ரோஸும் இங்கேயும் கூட ஓட வேண்டும். லிகண்ட் இருக்கையை விட்டு நழுவுகிறதா என்பதே முதன்மைக் கேள்வி. புரதத்தின் ஆர்எம்எஸ்டி கோடு நேராக இருப்பது மூலக்கூறு மருந்தாகும் என்பதற்குச் சான்று ஆகாது.

ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கும்போது

ஒரே ஒரு "வெற்றியாளரை" அனுப்பாதீர்கள். ஆறேழு சேர்மங்களை அனுப்புங்கள், அதில் இரண்டு டாக்கிங்கில் தோற்றவையாக இருக்கட்டும், எது எது என்று சோதிப்பவருக்குச் சொல்ல வேண்டாம். தோற்றவையும் வென்றவையும் ஒரே அளவில் தடுத்தால், உங்கள் கணக்கு எதையும் பிரிக்கவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நொதிச் சோதனை செய்பவரிடம் இரண்டு பொருள்களைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒன்று டிடிடி போன்ற ஒடுக்கி: சிஸ்டீனைக் கண்டபடி பிடிக்கும் மூலக்கூறுகளின் வேஷம் இதில் கலையும். 2020-இல் எப்செலென், டைசல்ஃபிராம் போன்றவை இந்தப் புரோட்டியேஸைத் தடுப்பதாகச் சொல்லப்பட்டது. ஒடுக்கியைச் சேர்த்ததும் அந்தத் தடுப்பு மறைந்துபோனது. மற்றொன்று 0.01 சதவீத டிரைட்டான் எக்ஸ்-100: திரள்களைக் கரைத்துவிடும். ஃபிளேவனாய்டுகள் தாமே ஒளியை உறிஞ்சுபவை என்பதால், ஒளிர்வை அளக்கும் சோதனையில் நொதி இல்லாத கட்டுப்பாட்டுக் குழியும் அவசியம்.

அடுத்து செல்கள். வைரஸை அடக்கும் செறிவும் செல்லைக் கொல்லும் செறிவும் தனித்தனியே அளக்கப்பட வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி பத்து மடங்காவது இல்லையென்றால், இறந்த செல்லில் வைரஸ் வளரவில்லை என்பதைத்தான் கண்டுபிடித்திருப்போம். குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களோடு நிறுத்தாமல் கலு-3 போன்ற நுரையீரல் செல்களிலும் பார்க்கச் சொல்லுங்கள். குளோரோகுயின் வீரோவில் கரோனா வைரஸைத் தடுத்தது, கலு-3-இல் தடுக்கவில்லை. வைரஸ் உள்ளே நுழையும் வழி அந்த இரண்டிலும் வேறு.

இந்த வேலை நடக்கும்போதே வீட்டிலும் நண்பர்களிடமும் "அப்போ புரோபோலிஸ் சாப்பிடலாமா?" என்ற கேள்வி வரும். டாக்கிங்கை வைத்து அதற்கு ஆம் என்று சொல்லாதீர்கள். புரோபோலிஸ் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள் என்பது நன்கு தெரிந்தது. அதற்குக் காரணமானவற்றில் முக்கியமானவை, நாம் தேடும் அதே குடும்பத்தைச் சேர்ந்த கஃபேயிக் அமில எஸ்டர்கள்தான். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது, பாட்டுலிசம் என்ற பாக்டீரியா நச்சு நோய் வரலாம்.

சோதனை முடிவு திரும்பி வந்ததும் அந்த எண்களை உங்கள் பழைய விரிதாளில் டாக்கிங் மதிப்பெண்ணுக்கு அடுத்த நிரலில் போடுங்கள். தடுக்காதவற்றையும் விடாமல் போடுங்கள். அவை இனி உங்கள் சொந்தப் போலி மூலக்கூறுகள், தரவுத்தளத்தில் இறக்கியவற்றை விட மதிப்புள்ளவை. அவற்றைச் சேர்த்து ஆர்ஓசி வளைவை மறுபடி வரையுங்கள். வளைவு மேலே ஏறியிருந்தால் அடுத்த செடி வகைப் புரோபோலிஸை அதே அமைப்பில் ஓட்டலாம். இறங்கியிருந்தால் புரதக் கோப்பையும் நீரையும் ஹிஸ்டிடின்களையும் திரும்பத் திறக்க வேண்டும்.